வலப்பக்கம் கத்தி, இடப்பக்கம் ஒளி

அந்த வருடம் என் வாயில் இருபத்தாறு பல் இருந்தது. என் மனைவிக்கு இருபத்து மூன்று. மேலே பதினொன்று, கீழே பன்னிரண்டு. நான் நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதையும் எண்ணாமல் விட்டால் எனக்கு மனம் அடங்காது. ஆகவே இந்த எண்கள் சரியானவை. தவறாகப் போன எண்கள் வேறு. அவற்றைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இருவருக்கும் ஒரே நோய். ஈறு வீங்கிப் பல்லை விட்டு விலகும். விலகின சந்தில் அழுக்கு இறங்கும். இறங்க இறங்க உள்ளே பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையும். எனக்குக் காலையில் வாய் கொப்பளித்தால் ரத்தம் வந்தது, அவ்வளவுதான். அவளுக்குக் கீழ்க் கடைவாயில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு பல் ஆட ஆரம்பித்திருந்தன. அவளுக்குச் சர்க்கரையும் உண்டு. பிறந்த ஊர் சோழவந்தான், அண்ணன் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். அந்த வீட்டில் வெற்றிலை போடாத வாய் கிடையாது. சர்க்கரை வந்த பிறகு புகையிலையை விட்டாள், வெற்றிலையை விடவில்லை.

சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடைக்கு மேலே, பத்தொன்பது படி ஏறினால் அந்தப் பல் டாக்டரின் அறை. ஈறுக்கென்றே தனியாகப் படித்த பெண். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். என் மனைவியின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வைகைக் கரையில் பட்டாவில் இருக்கும் நிலம், வெள்ளம் அறுத்துக்கொண்டு போன பிறகு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது எலும்பு. காகிதத்தில் பரப்பு உண்டு, தரையில் இல்லை.

"அம்மாவுக்கு ஈறைத் திறந்து உள்ள வேரைச் சுத்தம் பண்ணித் தைக்கணும் சார். இப்படியே விட்டா ஆறு பல்லும் தானா விழுந்துரும்."

"திறக்கிறதுன்னா எப்படி டாக்டரம்மா?" என்றாள் என் மனைவி.

"சின்னக் கத்திதான்ம்மா. மரத்துப்போக ஊசி போட்டுருவோம். ஒண்ணும் தெரியாது."

அவள் நாற்காலியிலிருந்து இறங்கிச் செருப்பை மாட்டினாள். "அப்ப நான் வாரேன் டாக்டரம்மா" என்றாள்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவளுடைய அண்ணன் கொடிக்காலில் வெட்டிவிட்ட அகத்திக் கட்டை ஒன்றை மிதித்து, காலில் புண்ணாகி, அவருக்கும் சர்க்கரை என்பதால் ஒரு விரலை எடுத்தார்கள். எடுத்த இடம் ஆறவில்லை. இரண்டாவது விரலையும் எடுத்தார்கள். ஏழு மாதம் இழுத்தது. அந்தப் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டியவள் இவள்தான். சர்க்கரை உடம்பில் கத்தி பட்ட இடம் மூடாது என்று முடிவு செய்துவிட்டாள். அந்த முடிவை மாற்ற என்னால் முடியவில்லை.

டாக்டர் வேறொன்று சொன்னார். லேசர் என்று ஒரு கருவி புதிதாக வாங்கியிருந்தார். நூல் மாதிரி ஒரு கம்பி, அதன் நுனியில் ஒளி. அது நோய்பட்ட சதையைச் சுட்டு எடுத்துவிடும், ரத்தம் குறைவு, தையல் கிடையாது. "ஆனா அம்மாவுக்கு ஆழம் அதிகம். திறந்து கண்ணால பாத்துச் செய்யறதுதான் நல்லது. நான் கத்தியத்தான் சொல்லுவேன்" என்றார்.

"வெளிச்சம்னா சரி" என்றாள் என் மனைவி. அவள் காதில் விழுந்தது அது ஒன்றுதான்.

எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததை அளந்து பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. எனக்கு மேல் வரிசையில் இரண்டு பக்கமும் கெட்டிருந்தது, பக்கத்துக்கு நான்கு பல். வலப்பக்கம் கத்தி, இடப்பக்கம் லேசர் என்று என் வாயிலேயே செய்து பார்க்கச் சொன்னேன். எது நன்றாக ஆறுகிறதோ அதை அவளுக்குச் செய்வது. அவளுடைய ஆறு பல்லுக்காக என் எட்டுப் பல்லை வைத்தேன்.

"ஒரே வாயில ரெண்டு விதமா?" என்று டாக்டர் சிரித்தார். "எங்க காலேஜ்ல இப்படித்தான் சார் ஆராய்ச்சி பண்ணுவாங்க." பிறகு ஒத்துக்கொண்டார்.

செய்தி சோழவந்தானுக்குப் போய், மச்சான் நொண்டிக்கொண்டே பார்க்க வந்தார். "என்ன மாப்ள, ஒரு பக்கம் கசாப்பு, ஒரு பக்கம் வெல்டிங்காமுல்ல?" என்று வாசலிலேயே ஆரம்பித்தார்.

"அண்ணே, நீ சும்மா இரு. எனக்காகத்தான் அவரு செஞ்சுக்கிறாரு" என்றாள் என் மனைவி.

"உனக்காக எம்புட்டோ செய்யலாம்த்தா. ஒரு வளையல் வாங்கிக் குடுத்தா ஆகாதா?"

முதல் நாள் அளவு எடுத்தார்கள். நுனியில் கோடு கோடாக மில்லிமீட்டர் பொறித்த ஒரு மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு, எவ்வளவு ஆழம் போகிறது என்று டாக்டர் சொல்லச் சொல்ல, உதவிப் பெண் ஒரு தாளில் எழுதினாள். மூன்று மில்லிமீட்டர் வரை குற்றமில்லை. அதற்கு மேல் போனால் நோய். எனக்கு அந்த நேரத்தில் வலியை விட மகிழ்ச்சிதான் இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். முப்பத்து நான்கு ஆண்டு நான் செய்த வேலை அதுதான். அளவுச் சங்கிலி பிடிப்பவன் எண்ணை உரக்கச் சொல்வான், எழுதுபவன் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதுவான். டி. கல்லுப்பட்டிக் கரிசல் வெயிலில் அப்படி எத்தனை ஆயிரம் எண்களைத் திருப்பிச் சொல்லியிருப்பேன். அந்தப் பெண் திருப்பிச் சொல்லாமல் எழுதினாள். வாயில் கம்பியோடு நான் கையை ஆட்டினேன்.

"என்ன சார், வலிக்குதா?"

கம்பியை எடுத்த பிறகு, "அவங்களத் திருப்பிச் சொல்லிட்டு எழுதச் சொல்லுங்க" என்றேன். அந்தப் பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அதற்குப் பிறகு திருப்பிச் சொன்னாள்.

முடிந்ததும் தாளை வாங்கி என் நோட்டில் எடுத்து எழுதிக்கொண்டேன். நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு இரு புறமும் ஒன்றிலிருந்து எட்டு வரை பற்கள். வலம், இடம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எனக்கு அது தேவையாகவும் படவில்லை. நிலத்தை அளந்து வரையும்போது, அளப்பவன் போகிற திசையைப் பார்த்து நிற்பான். அவனுடைய வலக்கைப் பக்கம் இருப்பது தாளிலும் வலப்பக்கம் வரும். வேறு மாதிரி நான் ஒரு நாளும் எழுதியதில்லை. தாளின் இடப்பக்கத்து நான்கு பற்களின் அளவுகளைக் கூட்டினால் இருபத்து நான்கு. வலப்பக்கம் பதினேழு. 'இடது 24, வலது 17' என்று எழுதிக்கொண்டேன். டாக்டர் அளக்க ஆரம்பித்தது என் வலக் கன்னத்தில் என்பதும், முதலில் சொன்ன எண்கள் பெரிய எண்களாக இருந்ததும் எனக்கு நினைவில் இருந்தன. அந்த நினைவை நான் நம்பவில்லை. தாளை நம்பினேன்.

கத்தி ஒரு புதன்கிழமை. ஐம்பத்தைந்து நிமிடம். ஆறு தையல். அதன் மேல் ரோஸ் நிறத்தில் பிசின் மாதிரி ஒரு கட்டு. ஒன்பது பஞ்சு நனைந்தது, வலி மாத்திரை ஏழு. அந்தப் பக்கம் வைத்து முறுக்குக் கடிக்கப் பதினாறு நாள் ஆயிற்று. லேசர் மூன்று வாரம் கழித்து. எனக்கும் ஒரு கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். முடி கருகுகிற மாதிரி ஒரு வாடை, அது என் சதை. முப்பது நிமிடம். பஞ்சு இரண்டு, மாத்திரை மூன்று, ஐந்தாம் நாள் முறுக்கு. எல்லாவற்றையும் நோட்டில் இரண்டு வரிசையாக எழுதினேன். என் மனைவி எண்களைப் படிக்க மாட்டாள். என் முகத்தைப் படிப்பாள். "அந்தப் பக்கம் வீங்கவே இல்லங்க, பாத்தீங்களா" என்று இடக் கன்னத்தைத் தடவிப் பார்த்துச் சொன்னாள்.

ஆறு மாதம் கழித்து மறுபடியும் அளந்தார்கள். மறுபடியும் அதே தாள், அதே கோடு, அதே தவறு. தாளின் இடப்பக்கம் பதின்மூன்று, வலப்பக்கம் பன்னிரண்டு. என் நோட்டின்படி இடப்பக்கம், அதாவது லேசர், இருபத்து நான்கிலிருந்து பதின்மூன்றுக்கு வந்திருந்தது. பதினொன்று குறைந்திருந்தது. கத்திப் பக்கம் பதினேழிலிருந்து பன்னிரண்டு. ஐந்துதான். பதினொன்றும் ஐந்தும். ரத்தம், வலி, நாள் என்று ஒவ்வொரு வரியிலும் லேசர் ஜெயித்திருந்தது. ஆழத்திலும் ஜெயித்துவிட்டது.

துறையில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு கோட்டை அளந்தால், கடைசிக் கல்லிலிருந்து திரும்பி நடந்து இன்னொரு முறை அளப்பேன். இரண்டும் ஒத்தால்தான் மையால் எழுதுவேன். இந்த முறை திரும்பி நடக்கவில்லை. வந்த எண் எனக்குப் பிடித்த எண்ணாக இருந்தது. அவளிடம் போய், "கத்தி வேண்டாம்" என்று சொல்லலாம் அல்லவா.

டாக்டர் அப்போதும் தயங்கினார். "உங்க ஈறுல இருக்கிற பாக்கெட் வேற, அம்மாவோடது வேற சார். அவங்களுக்கு எட்டு, ஒம்பது மில்லிமீட்டர்னு போகுது. எலும்புக்குள்ள குழி மாதிரி இருக்கு."

"லேசர்ல பதினொண்ணு குறைஞ்சிருக்கு டாக்டர். கத்தியில அஞ்சுதான்."

"அப்படியா வருது?" என்று அவர் நெற்றியைச் சுருக்கினார். வெளியே ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. ஒன்பது பேர் காத்திருந்தார்கள். நான் நோட்டை நீட்டியிருந்தால் பார்த்திருப்பார். நீட்டவில்லை. எண்ணை வாயால் சொல்லி வாதாடினேன். என் மனைவியும் பக்கத்தில் நின்று, "அவரு கணக்கு தப்பாது டாக்டரம்மா" என்றாள்.

"சரி, லேசர்லயே செஞ்சு பாப்போம். சரியா வரலைன்னா அப்புறம் திறந்துதான் ஆகணும். அதுக்கு இப்பவே ஒத்துக்கங்க" என்றார் டாக்டர். ஒத்துக்கொண்டோம்.

இரண்டு தடவையாகச் செய்தார்கள். இரண்டு தடவையும் அவள் அன்று மாலையே எழுந்து வேலை பார்த்தாள். மறுநாள் இட்லி தின்றாள். அண்ணனுக்குப் போன் போட்டு, "ஒரு சொட்டு ரத்தம் இல்லண்ணே, நீயும் அந்தக் காலத்துல இப்படிப் போயிருக்கலாம்" என்றாள். கால் விரலுக்கும் அந்தக் கருவி உண்டு என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. பத்து வாரம் அவள் சந்தோஷமாக இருந்தாள். அந்தப் பத்து வாரத்தை நான் எண்ணியிருக்கிறேன், எழுபத்தொரு நாள். கல்யாணமாகி வந்த பிறகு அவள் தன் உடம்பைப் பற்றி அவ்வளவு நல்லபடியாகப் பேசி நான் கேட்டதில்லை.

எழுபத்திரண்டாம் நாள் வலது தாடை வீங்கியது. உள்ளே சீழ். மேலே ஈறு அழகாக மூடியிருந்தது, அடியில் குழி அப்படியே இருந்தது. டாக்டர் சீழை எடுத்து மருந்து கொடுத்தார், திறக்க வேண்டும் என்றார். அவளுக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. அதை இறக்க மூன்று வாரம். அதற்குள் வலப்பக்கத்து மூன்று பல்லும் விரலால் தொட்டாலே சாய்ந்தன. வேறு வழியில்லை என்று எடுத்துவிட்டார்.

அன்று நான் உள்ளே போனபோது அவள் பஞ்சைக் கடித்துக்கொண்டு சாய்ந்து கிடந்தாள். டாக்டர் தாளைக் காட்டினார். எடுத்த மூன்று பல்லின் மேலும் சிவப்பில் கோடு போட்டிருந்தது. கோடு இருந்தது தாளின் இடப்பக்கத்தில். நான் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். வீங்கியிருந்தது வலப்பக்கம்.

"டாக்டர், எந்தப் பக்கத்தை எடுத்தீங்க? இடப் பக்கத்துல குறிச்சிருக்கீங்க! வீக்கம் வலப் பக்கத்துல இருக்கு! மாத்தி எடுத்துட்டீங்களா?" என்று கத்திவிட்டேன். வெளியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பதறாதீங்க சார், வலதுதான் எடுத்திருக்கு" என்றார் டாக்டர். "நாங்க நோயாளிக்கு எதிர்ல நின்னு பாக்குறோம்ல. அவங்க வலது எங்களுக்கு இடப் பக்கம் தெரியும். அப்படியேதான் தாள்ல எழுதுவோம். எல்லா டாக்டரும் அப்படித்தான்."

உதவிப் பெண் சிரித்தாள். "என்னயத் திருப்பிச் சொல்லச் சொன்னீங்களே சார், உங்களுக்கு இது தெரியாதா?"

நான் உட்கார்ந்துவிட்டேன். நோட்டை எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மாற்றிப் போட்டால் என்ன வரும் என்று உடனே தெரிந்துவிட்டது. கத்திப் பக்கம்தான் இருபத்து நான்கிலிருந்து பதின்மூன்று. பதினொன்று குறைந்தது கத்தியில். லேசரில் ஐந்து. ரத்தமும் வலியும் நாட்களும் நான் சரியாகத்தான் எழுதியிருந்தேன். அவளுக்கு வேண்டியிருந்த ஒரு எண் மட்டும் பக்கம் மாறிவிட்டது.

அவளை வெளிப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, திரும்பிப் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலிலேயே கத்தியால் செய்திருந்தால் மூன்றும் நின்றிருக்குமா என்று கேட்டேன்.

"அதை வச்சும் சொல்ல முடியாது சார். உங்க வலது பக்கம் முதல்லயே ஆழம் ஜாஸ்தி. ஜாஸ்தி இருக்கிற இடத்துல ஜாஸ்தி குறையும். ஒரு வாயை வச்சு எதுவும் முடிவு பண்ண முடியாது. அம்மாவுக்குச் சர்க்கரை வேற. கத்தியில செஞ்சிருந்தா ரெண்டு, மூணு வருசம் தாங்கியிருக்கலாம். தாங்காமலும் போயிருக்கலாம்."

"எத்தனைக்கு எத்தனை டாக்டர்? பத்துக்கு ஆறா, ஏழா?"

"அப்படியெல்லாம் நம்பர் கிடையாது சார்."

நான்காம் நாள்தான் என் மனைவியிடம் சொன்னேன். மத்தியானம், அவள் சோற்றைக் குழைத்துப் பிசைந்துகொண்டிருந்தாள். தாளையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவள் எண்களைப் பார்க்கவில்லை.

"அப்ப கத்திதான் நல்லதுன்னு வந்துச்சா?"

"ஆமா. நான் பக்கத்தை மாத்தி எழுதிட்டேன்."

"அம்புட்டு வருசம் ஊர் நிலத்தையெல்லாம் அளந்தீங்களே, அதுவும் இப்படித்தானா? எத்தனை பேரு அடுத்தவன் காட்டுல உழுதுக்கிட்டு இருக்கானோ."

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "கத்தி வேண்டாம்னு நான்தான சொன்னேன். நீங்க எனக்குப் பிடிச்ச மாதிரி எழுதிட்டீங்க" என்றாள். அதைவிட என்னைத் திட்டியிருக்கலாம்.

இடப்பக்கத்துக்குக் கத்திக்கு ஒத்துக்கொண்டாள். ஊசி போடும்போது என் கையைப் பிடித்திருந்தாள், பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். ஈறைத் திறந்து பார்த்த டாக்டர், என் பக்கம் திரும்பாமலே, பிடிக்க எலும்பு அதிகம் இல்லை என்றார். இருந்தாலும் சுத்தம் செய்து தைத்தார். புண் ஆற நாற்பத்தொரு நாள் ஆயிற்று. அவள் பயந்தது அவ்வளவும் வீண் பயம் இல்லை. ஆறியது, ஆனால் பல் நிற்கவில்லை. அடுத்த ஒன்றரை வருடத்தில் அந்த மூன்றும் போயின. பிறகு முன்னால் இருந்ததில் மூன்று. கீழே மிஞ்சியது மூன்று.

என் பற்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அந்த எட்டில் இப்போது இரண்டு இருக்கின்றன. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. எந்தப் பல் எந்த மாதம் விழுந்தது என்று எழுதி வைத்திருக்கிறேன். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கத்திக்கும் லேசருக்கும் நடுவே சொல்லும்படி ஒன்றும் இல்லை. அது தெரிந்தபோது எனக்கு ஆறுதல் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவளுக்குக் கிடைத்திருக்கக்கூடிய அந்த இரண்டு, மூன்று வருடம், இருந்ததா இல்லையா என்பது எந்த நோட்டிலும் இல்லை.

அவளுடைய மேல் வரிசையும் ஆட ஆரம்பித்தபோது கடைசியாகப் போனோம். பத்தொன்பது படியையும் அவள் இரண்டு இடத்தில் நின்று ஏறினாள். மேலே பதினொன்றில் நான்கைக் காப்பாற்ற முடியாது, மீதி ஏழு பல்லை முயன்று பார்க்கலாம் என்றார் டாக்டர். சில பல்லுக்குக் கத்தி, சிலதுக்கு லேசர், இரண்டையும் கலந்து செய்யலாம். சில வருடம் தாங்கலாம். "நீங்க என்ன சார் சொல்றீங்க?" என்று என்னைக் கேட்டார்.

என் மனைவியும் என்னைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்த பிறகும் என்னைத்தான் பார்த்தாள். சுவரில் இருந்த பல் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எல்லாத்தையும் எடுத்துருங்க டாக்டரம்மா" என்றாள் அவள். "கீழ இருக்கிற மூணையும் சேத்து எடுத்துருங்க. இருக்கிற வரைக்கும் இவரு எண்ணிக்கிட்டே இருப்பாரு."

"அம்மா, ஏழு பல் நல்லா வரலாம்மா. யோசிங்க."

"வரலாம், வராமலும் போகலாம். அம்புட்டுத்தான? போதும்."

ஐந்து, ஐந்து, நான்கு என்று மூன்று சனிக்கிழமைகளில் முடிந்தது. மூன்றாவது சனிக்கிழமை திரும்பும்போது டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவளை உட்கார வைத்தேன். கன்னம் உள்ளே போய், வேறு யாரோ ஒரு கிழவி மாதிரி இருந்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன். வாயிலிருந்த பஞ்சைத் தொட்டுக் காட்டினாள். வீட்டுக்கு வந்து, ஒரு மணி நேரம் கழித்துப் பஞ்சை எடுத்தாள். என் நோட்டை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டு, சோறு குழைக்கப் போனாள்.